மிச்சமான பேசில் இலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பேசில், இத்தாலியச் சமையலில் மணத்துக்குப் போடும் பச்சிலை. சமையல் குறிப்பில் ‘பேசில் இலை 8’ என்று இருக்கும். வாங்கி வந்த கட்டில் ஐம்பது, அறுபது இலை இருக்கும். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இத்தனை கேள்விகளும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டைப் பிரித்த அன்றே, அடுத்த இரண்டு நாளில் பச்சையாகச் சாப்பிடப்போவது எவ்வளவு, அரைத்து வைக்கப்போவது எவ்வளவு என்று பிரித்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினால் பேசில் காத்திருக்காது.

கேள்வி: கழுவி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். மறுநாளே கருத்துவிடுகிறது. எங்கே தப்பு?

ஃப்ரிட்ஜில் வைத்ததுதான் தப்பு. பேசில் வெப்பமான நிலத்துச் செடி. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் இலையின் செல்கள் பழுதாகி, உள்ளே தனித்தனியாக இருந்த சாறுகள் கலந்து கருத்துப்போகும். ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி அளவில் இருக்கும். புதினாவும் கொத்தமல்லியும் தாங்குகிற அந்தக் குளிரை இது தாங்காது.

தண்டின் அடியில் ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு, பூவை ஜாடியில் வைப்பதுபோல ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வெளியே வையுங்கள். தண்ணீருக்குள் இலை முங்கக் கூடாது, அழுகிவிடும். நேரடி வெயில் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். கழுவுவதைச் சமைக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள், ஈரம் ஒட்டியிருந்தால் இலை சீக்கிரம் கெடும். ஏற்கெனவே கருத்த இலையை என்ன செய்வது? புள்ளி புள்ளியாகக் கருத்து, தொட்டால் உலர்வாக இருந்தால் சூப்பிலோ தக்காளிச் சாஸிலோ போடலாம். வழவழப்பாகிவிட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: பாஸ்தா, பீட்சா தவிர அன்றாடச் சமையலில் எதில் போடலாம்? எதில் போட்டாலும் வாசனையே தெரிவதில்லை.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசை. வாசனை தெரியாததற்குக் காரணம் நீங்கள் போடும் நேரம். பேசிலின் மணம் லினலூல், யூஜினால், சினியோல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் அந்த மணம் சமையலறை முழுக்கப் பரவும், தட்டில் இருக்காது. ஆகவே அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். பாத்திரத்தில் இருக்கும் சூடே இலையை வாடவைத்து மணத்தை எழுப்பும். இந்த மணப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை என்பதால் வெண்ணெய், ஆலிவ் எண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, சீஸ் என்று ஏதாவது ஒரு கொழுப்பு பக்கத்தில் இருந்தால் நாக்கில் இன்னும் நன்றாகத் தங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் தனியாகச் சமையல் குறிப்பு தேட வேண்டியதில்லை. ஆம்லெட்டை மடிக்கும் முன் ஐந்தாறு இலையைக் கிள்ளிப் போடுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போதே உப்பு, எண்ணெய், ஒரு கைப்பிடி பேசில் சேர்த்துப் பிரட்டுங்கள். வடித்த சாதத்தில் வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, நறுக்கிய இலை போட்டுக் கிளறினாலே ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும். தயிரில் அரைத்த பூண்டும் பேசிலும் கலந்தால் வறுத்த காய்கறிக்குத் தொட்டுக்கொள்ளலாம். ரொட்டிக்கு நடுவே லெட்டூஸுக்குப் பதிலாக முழு இலைகளையே அடுக்கலாம். 100 கிராம் மென்மையான வெண்ணெயில் ஒரு பிடி இலையைப் பொடியாக நறுக்கிப் பிசைந்து உருட்டி ஃப்ரீசரில் வைத்தால், வேண்டும்போது ஒரு வில்லை வெட்டி மீன் மேலோ சோளத்தின் மேலோ உருகவிடலாம்.

பழத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை என்றால் அவசியம் பாருங்கள். ஸ்ட்ராபெர்ரி, பீச், தர்பூசணி எல்லாவற்றோடும் பேசில் அவ்வளவு இயல்பாகச் சேரும். மாம்பழத்தோடு இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

நறுக்கும் விதமும் முக்கியம். மழுங்கிய கத்தி இலையை நசுக்கும், நசுங்கிய இடம் காற்றுப்பட்டதும் கருக்கும். இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருட்டி, கூரான கத்தியால் ஒரே இழுப்பில் நறுக்குங்கள். கையால் கிள்ளுவதும் நல்லதுதான். எப்படியானாலும் பரிமாறும் நேரத்தில்.

கேள்வி: மிக்ஸியில் பெஸ்டோ (பேசில், கொட்டை, பூண்டு, சீஸ், எண்ணெய் சேர்ந்த விழுது) அரைத்தால் கசக்கிறது. பைன் கொட்டையும் கிடைக்கவில்லை.

கசப்பு பெரும்பாலும் எண்ணெயிலிருந்து வருகிறது. எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயில் கசப்பான பாலிஃபீனால்கள் உண்டு. வேகமாக அரைக்கும்போது அவை கலவை முழுக்கப் பரவி நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். பெஸ்டோ பிறந்த இத்தாலியின் ஜெனோவாவில் அதைப் பளிங்கு உரலில் மரக்குழவியால்தான் அரைப்பது மரபு. மிக்ஸியில் செய்தால், இலை, கொட்டை, பூண்டு மூன்றையும் இரண்டு ஸ்பூன் எண்ணெயோடு நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். மீதி எண்ணெயையும் துருவிய சீஸையும் கிண்ணத்தில் கையால் கலக்குங்கள். ஜாரை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சூடேறாது, பச்சையும் மங்காது.

பைன் கொட்டைக்குப் பதிலாக முந்திரி, பாதாம், வால்நட் எதுவும் சரி. வால்நட்டுக்குத் தோலில் கசப்பு இருப்பதால் லேசாக வறுத்துத் தேய்த்துவிடுங்கள். கொட்டையே இல்லாமலும் செய்யலாம். தெற்கு பிரான்ஸின் பிஸ்து என்ற பேசில் விழுது அப்படிப்பட்டதுதான். நான் வைத்திருக்கும் கணக்கு: 50 கிராம் இலைக்கு 25 கிராம் கொட்டை, ஒரு சின்னப் பூண்டுப் பல், 30 கிராம் சீஸ், 80 மில்லி எண்ணெய். இலை போதவில்லை என்றால் பாதிக்குப் பசலைக்கீரை சேருங்கள், குறை தெரியாது.

கேள்வி: ஃப்ரீசரில் வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் முழு இலையாக வேண்டாம், கருத்துத் துவண்டுவிடும். எண்ணெய் விட்டு அரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள். உறைந்ததும் கட்டிகளைப் பைக்கு மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள். மூன்று, நான்கு மாதம் வாசனை நன்றாக இருக்கும். சீஸை அப்போது சேர்க்காமல், எடுத்துப் பயன்படுத்தும் அன்று சேர்த்தால் ருசி பிசகாது. பச்சை நிறம் அப்படியே வேண்டுமானால், அரைக்கும் முன் இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாகப் பிழியுங்கள். இலையைக் கருக்கவைக்கும் நொதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். மணம் கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, பேசிலும் பூண்டும் ஊறப்போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் வரும்?

தயவுசெய்து அதைக் கொட்டிவிடுங்கள். இந்த ஒரு பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மண்ணிலிருந்து இலையிலும் பூண்டிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டி வரலாம், கழுவினாலும் முழுசாகப் போகாது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. அறை வெப்பமும் சேர்ந்தால் அது முளைத்து நஞ்சு சுரக்கும். நிறம், மணம், ருசி எதிலும் மாற்றம் தெரியாது, ஆனால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் செய்யும் பேசில் எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது உறைய வையுங்கள். பெஸ்டோவுக்கும் இதே கணக்குதான்.

ஊறப்போட்டே ஆக வேண்டும் என்றால் வினிகர் இருக்கிறது. அதன் புளிப்பில் இந்தப் பாக்டீரியா வளராது. ஊதா நிறப் பேசில் கிடைத்தால் வெள்ளை வினிகரில் போட்டுப் பாருங்கள், அழகான இளஞ்சிவப்பு நிறம் இறங்கும்.

கேள்வி: காயவைத்துப் பொடி பண்ணலாமா?

பண்ணலாம், நான் பண்ணுவதில்லை. காயும்போதே மணத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. உறையவைப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: தண்டையும் பூவையும் எறிந்துவிடுகிறேன். சரியா?

எறியாதீர்கள். இளம் தண்டிலும் மணம் உண்டு. இலையோடு சேர்த்தே அரைக்கலாம். முற்றிய தண்டை நூலில் கட்டித் தக்காளிச் சாஸிலோ சூப்பிலோ போட்டு, கடைசியில் எடுத்துவிடுங்கள். பூவும் சாப்பிடக்கூடியதுதான், சாலட் மேல் உதிர்த்துவிடலாம். ஆனால் வீட்டில் செடி இருந்தால் மொட்டு தெரிந்ததுமே கிள்ளிவிடுங்கள். பூக்க ஆரம்பித்தால் புது இலை குறையும், இருக்கும் இலையும் கசக்கத் தொடங்கும்.

கேள்வி: தாய் (தாய்லாந்து) பேசில் மிஞ்சியிருக்கிறது. இத்தாலியக் குறிப்புகளில் அதைப் போடலாமா? துளசியும் இதுவும் ஒன்றா?

தாய் பேசிலில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். பெஸ்டோவில் அது மேலோங்கி நிற்கும், எனக்குப் பிடிக்கவில்லை. வதக்கல், தேங்காய்ப்பால் குழம்பு போன்ற சூடான சமையலில்தான் அதன் சிறப்பு. சாதாரணப் பேசிலைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். துளசி வேறு இனம், கிராம்பு மாதிரிக் காரமான மணம். பேசிலுக்கு மிக நெருங்கிய செடி தமிழில் திருநீற்றுப்பச்சிலை என்று அழைக்கப்படுவதுதான், இரண்டும் ஒரே இனத்தின் வகைகள்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறேன். பேசில் சாப்பிடலாமா?

பேசிலில் வைட்டமின் கே அதிகம். அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடியது. மேலே தூவும் நாலு இலை பெரிய விஷயமில்லை. ஒரு வாரம் தினமும் பெஸ்டோ, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்ற இறக்கமாகச் சாப்பிடுவதுதான் சிக்கல். உங்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, அதை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் மூன்று நான்கு தண்டு மிஞ்சிவிட்டது.

நட்டுவிடுங்கள். 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு முங்கும்படி தண்ணீரில் வையுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். வேர் விரல் நீளம் வந்ததும் தொட்டியில் வைத்து, வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஆறு இலை வந்தவுடன் நுனியைக் கிள்ளினால் இரண்டு கிளையாகப் பிரியும்.