ரைஸ்லிப்பில் கிராமம் எங்கே இருக்கிறது?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். ரைஸ்லிப் என்று பெயர். ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பழைய தேவாலயம், 700 வருடத்துக் களஞ்சியம், அதைத் தாண்டினால் காடு. கிராமத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்! பழமை மீது வெள்ளைக்காரர்களுக்கு இருக்கும் மரியாதை நமக்கு ஏன் இல்லை?
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தது கிராமம் அல்ல, ஐயா. கிராமம் போன பிறகு மிஞ்சியது. ரைஸ்லிப்பும் பக்கத்து நார்த்வுட்டும் சேர்ந்த வட்டாரத்தில் 1911-ல் இருந்தவர்கள் 6,217 பேர். 1961-ல் 72,791 பேர். ஐம்பதே வருடத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. இதில் எந்தக் கிராமம் அப்படியே இருக்கும்?

1904 ஜூலை 4-ம் தேதி ஹாரோவிலிருந்து அக்ஸ்பிரிட்ஜுக்கு மெட்ரோபாலிட்டன் ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது நடுவில் இருந்த ஒரே நிறுத்தம் ரைஸ்லிப். முதலில் வந்தவர்கள் விடுமுறைக் கூட்டம்; மரநிழலில் டீ குடித்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். எல்லாப் பழியையும் ரயில் மேல் போடுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தப் பக்கத்து விவசாயிகளின் பிழைப்பே புல்தான். லண்டன் குதிரைகளுக்குக் காய்ந்த புல்லை வண்டி வண்டியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பஸ்ஸும் லாரியும் வந்தன, குதிரைகள் குறைந்தன, புல்லை வாங்க ஆள் இல்லை. புல் விளைந்த நிலம் மனை ஆனது.

1932-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை 2 சதவீதத்துக்கு இறக்கியது. சாதாரண குமாஸ்தாவும் கடன் வாங்கி வீடு வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1933 முதல் போர் தொடங்கும் வரை ரைஸ்லிப் மேனர் பக்கம் மட்டும் 2,000-க்கு மேல் வீடுகள் எழும்பின. ஒரு வீடு 450 பவுண்டு. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றின் முகப்பைக் கவனித்தீர்களா? வெள்ளைச் சுவரில் கறுப்புப் பலகைகள். அவை எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை, பழைய வீடு மாதிரி தெரியட்டும் என்று சுவரில் பதித்தவை. களஞ்சியத்துக்குள் போனீர்களா? அங்கே நிற்கும் ஓக் தூண்கள் 13-ம் நூற்றாண்டிலிருந்து கூரையைத் தாங்குகின்றன.

சரி, மரியாதை என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஊரில் பெரும் நிலம் 15-ம் நூற்றாண்டிலிருந்தே கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குச் சொந்தம். 1910-ல் அங்கே ஒரு தோட்ட நகரத் திட்டம் தயாரானது: 7,642 வீடுகள், 35,000 பேர். நல்ல காற்று, அகலமான தெரு என்று நல்ல எண்ணத்தோடு போட்ட திட்டம்தான். ஆனால் அது அப்படியே நிறைவேறியிருந்தால் புனித மார்ட்டின் தேவாலயம் ஒன்றைத் தவிர ஊரின் பழைய கட்டடங்கள் அத்தனையும் இடிபட்டிருக்கும். நீங்கள் வியந்த களஞ்சியமும்தான். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது, திட்டம் நின்றது. களஞ்சியம் தப்பியதற்கு யாருடைய மரியாதையும் காரணம் இல்லை.

காட்டின் கதை வேறு, அதில் ஊர்க்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். வீடுகள் நெருங்கி வந்தபோது பார்க் வுட் காட்டை மனையாக விடக்கூடாது என்று உள்ளூர் மன்றம் கேட்டது. களஞ்சியம் இருக்கும் பண்ணையின் கட்டடங்களைக் கல்லூரி ஊருக்கு அன்பளிப்பாகவே தந்தது. அப்புறம் அவற்றில் ஒன்றான சிறிய களஞ்சியம் 1937-ல் நூலகம் ஆனது. காட்டை மட்டும் அப்படிச் சும்மா தர அன்றைய சட்டம் கல்லூரியை அனுமதிக்கவில்லை. 1931-ல் விலை பேசி முடித்தார்கள். முக்கால் பங்கை அன்றைய மாவட்ட நிர்வாகமான மிடில்செக்ஸ் கவுண்டி மன்றம் கொடுத்தது, மீதியை ஊர் போட்டது. களஞ்சியத்தைத் தாண்டி நீங்கள் பார்த்தது அந்தக் காடுதான், ஐயா.