யூதர்களின் தனாக்கும் கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடும் ஒன்றுதானா?

தனாக் என்பது யூதர்களின் மறைநூல் தொகுப்பு. தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்), இறைவாக்கினர் நூல்கள், எழுத்துகள் என்ற மூன்று பகுதிகளில் அதில் 24 நூல்கள் உள்ளன. புராட்டஸ்டண்ட் பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள் இருந்தாலும் உள்ளடக்கம் அதேதான். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகியவை இரண்டிரண்டாகவும், எஸ்றா-நெகேமியா இரண்டாகவும், ஒரே நூலாக இருந்த சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டாகவும் பிரிந்ததால் எண்ணிக்கை கூடியது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 46 இருப்பதற்கு, தொடக்கத் திருச்சபை பெரிதும் பயன்படுத்திய செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பில் தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் இடம்பெற்றிருந்ததே காரணம்.

எண்ணிக்கையைவிட வரிசைதான், என் பார்வையில், முக்கியமான வேறுபாடு. ஒரே நிழற்படங்களை இரண்டு குடும்பங்கள் வெவ்வேறு வரிசையில் ஆல்பத்தில் ஒட்டினால் கதை மாறுவதைப் போன்றது இது. தனாக் வழக்கமாக நாளாகமத்தில், எருசலேமில் ஆலயம் கட்ட மக்கள் திரும்பிப் போகலாம் என்று பாரசீக மன்னன் கோரேஸ் விடுக்கும் அறிவிப்போடு முடிகிறது. கிறிஸ்தவத் தொகுப்போ மல்கியாவில், இறைவாக்கினர் எலியா அனுப்பப்படுவார் என்ற வாக்குறுதியோடு முடிந்து, அடுத்த பக்கத்தில் மத்தேயு தொடங்குவதால், அந்த எலியாவாகக் கிறிஸ்தவர்கள் காணும் யோவான் ஸ்நானகனை வாசகர் அங்கே எதிர்பார்த்தே நுழைகிறார். (லூக்கா 24:44-இல் இயேசு மோசேயின் நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், சங்கீதங்கள் என்று குறிப்பிடுவது யூதர்களின் முப்பகுதி வரிசையை நினைவூட்டுகிறது.)

பழைய ஏற்பாட்டைப் படித்தாலே யூத சமயத்தை அறிந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் யூதர்கள் தோராவை மிஷ்னா, தல்மூத் ஆகியவற்றில் பதிவான ரபிகளின் (யூத சமய ஆசான்களின்) விளக்க மரபின் வழியாகவே பின்பற்றி வந்திருக்கிறார்கள்.