பண்ணைவீட்டுச் சுவரில் பாதி வளைவு

கேள்வி: இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஒரு பழைய துறவிமடம் இருந்த இடத்தில் நிற்கும் பண்ணைவீட்டில் தங்கினோம். சமையலறைச் சுவரில் ஒரு கல் வளைவு பாதியோடு மேல்தளத்துக்குள் மறைகிறது. வெளிச்சுவரில் இரண்டு ஆள் உயரத்தில், படியே இல்லாமல் ஒரு வாசல். அதையும் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். இப்படியா கட்டுவார்கள்?

பதில்: இப்படி யாரும் கட்டவில்லை. மடத்துக்காக எழுப்பிய சுவருக்குள் பின்னாளில் குடித்தனம் புகுந்திருக்கிறது.

ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்க, எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1536-இல் சட்டம் வந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் பெரிய மடங்களும் போயின. கூரையிலிருந்த ஈயத்தை உரித்து உருக்கினார்கள், மணிகளை இறக்கினார்கள். தேவாலயங்கள் பலவும் ஊருக்குக் கல் எடுக்கும் இடமாயின. ஆனால் துறவிகள் உண்டு உறங்கிய கட்டடங்களை வாங்கியவர்கள் அவற்றை இடிக்க அவசரப்படவில்லை. கூரையும் கணப்பும் உள்ள கட்டடம் குடியிருக்க உதவும் அல்லவா?

மடத்தின் கூடங்கள் உயரமானவை. அவ்வளவு உயரத்தைக் குளிர்காலத்தில் சூடாக்க முடியாது என்பதால் நடுவே உத்தரம் போட்டு இரண்டு தளமாக்கினார்கள். நீங்கள் பார்த்த வளைவை அந்தத் தளம்தான் வெட்டியிருக்கும். மாடிச்சுவரில் தேடியிருந்தால் மீதி வளைவும் கிடைத்திருக்கலாம். அந்தரத்து வாசலைப் பற்றி என் ஊகம் இது: துறவிகளின் உறங்குகூடம் மாடியில் இருக்கும். நள்ளிரவு வழிபாட்டுக்கு அங்கிருந்து நேரே தேவாலயத்துக்குள் இறங்க ஒரு படிக்கட்டு உண்டு, இராப்படி என்பார்கள். தேவாலயமும் படியும் போன பிறகு வாசல் மட்டும் மிஞ்சும்.

அதே சாமர்செட்டில் வாஷ்ஃபோர்டு ஊருக்கருகே உள்ள கிளீவ் மடத்தை அவசியம் பாருங்கள். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் மடம். அதன் தேவாலயம் இன்று புல்தரையில் வெறும் கோட்டுருவம். துறவிகள் வாழ்ந்த பகுதியோ நிமிர்ந்து நிற்கிறது. காரணம், அங்கே தலைமுறை தலைமுறையாக விவசாயம் நடந்தது. தாழ்வாரம் சூழ்ந்த முற்றம் பண்ணைமுற்றமாயிற்று. 15-ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டிய உணவுக்கூடம் மாடியில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் ஓக் மரக் கூரையில் செதுக்கிய தேவதைகள். கழுத்து வலிக்கும்வரை நின்றேன். மரத்தோடு மரம் கூடும் இடத்தில் மரமுளைகளின் தலைகள் தெரிந்தன. யாரோ கூரை ஓடுகளை மாற்றி, ஒழுகலை அடைத்துக்கொண்டே வந்ததால்தான் அந்த மரம் உளுத்துப்போகாமல் நம் காலம்வரை வந்திருக்கிறது. தன் தானியம் நனையக்கூடாது என்றுதான் அந்தக் குடியானவர் நினைத்திருப்பார். எனக்கு அது போதும். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கேள்வி: அந்த வீட்டு உரிமையாளர், வளைவுக்குக் குறுக்கே இருக்கும் தளத்தையும் பிற்காலக் கணப்பையும் எடுத்துவிட்டு மடத்தை முழுதாக வெளிக்கொணர ஆசைப்படுகிறார். நல்ல யோசனைதானே?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தத் தளமும் கணப்பும் வரலாறுதான். மடம் இருந்ததைவிடப் பண்ணை அதிக காலம் இருந்திருக்கவும் கூடும். அதை அழுக்கைப்போல் சுரண்டி எறிவதை என்னால் ஏற்க முடியாது. அந்த வீடு பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடமாக இருந்தால், முன் அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றுவது அங்கே குற்றவியல் குற்றம். உள்ளூர்த் திட்டமிடல் அலுவலகத்தில் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிமெண்டைக் கிட்டே சேர்க்கக்கூடாது. நான் மேற்பார்வை பார்த்த ஒரு பழைய கல்வீட்டில், மேலிடத்து அவசரத்துக்கு இணங்கிச் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி, இடுக்குகளில் சிமெண்ட் அடைக்கவிட்டேன். சில ஆண்டுகளில் கல்லின் முகம் விரல்பட்டாலே செதிலாக உதிர்ந்தது. சுவரின் ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறும். சிமெண்ட் அதைத் தடுத்துக் கல்லுக்குள் தள்ளிவிடும். அந்தச் செதில் ஒன்றை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அடுத்த பயணத்தில் வேறென்ன பார்க்கலாம்?

பதில்: ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம். பியூலி மடத்தின் பண்ணைக்காக 1290-களில் எழுந்தது. நீளம் சுமார் 46 மீட்டர். ஓக் தூண்களைத் தரையில் ஊன்றாமல் ஆளுயரக் கல்பீடங்களின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஈரம் மரத்தில் ஏறாது. கூரையின் கல் ஓடுகளை அந்தத் தூண்கள் இன்றும் தாங்குகின்றன.