பழைய ஏர்-கூல்டு கேம்பர் வேன் மேடு ஏறும்போது சூடாகிறது. தனி ஆயில் கூலர் போடலாமா?

பெங்களூரில் 1971 மாடல் வோக்ஸ்வாகன் வேன் வைத்திருக்கிறேன், 1600 சிசி இன்ஜின். உங்கள் வண்டி ஊருக்குள் ஒழுங்காக ஓடி, மேட்டில் மட்டும் கொதிக்கிறது என்கிறீர்கள். கூலருக்குப் பணம் போடும் முன் இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் பீடிங்கையும் பாருங்கள்.

எனக்கும் இதே கதைதான். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் நான்காம் கியரில் திணறித் திணறி ஏறினேன். மேலே வந்து நிறுத்தியதும், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு மினுக்கியது. சூட்டில் ஆயில் அவ்வளவு இளகியிருந்தது. ஊர் வந்ததும் சிவாஜிநகரில் பழைய வண்டி பார்க்கும் பாய் ஒருவரிடம் காட்டினேன். அவர் வண்டிக்கு அடியில் டார்ச்சை வைத்துவிட்டு இன்ஜின் மூடியைத் திறந்தார். "சார், கூலர் எதுக்கு? கீழ வெச்ச வெளிச்சம் மேல தெரியுது பாருங்க" என்றார். முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை இறக்கி ஏற்றியபோது இரண்டு தகடுகளைத் திரும்ப மாட்டவே இல்லை.

இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃபேன் மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து சிலிண்டர்களின் மேல் ஊதுகிறது, அனல் வண்டிக்கு அடியில் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே சுவராக இருப்பவை அந்தத் தகடுகளும் பீடிங்கும்தான். ஓட்டை இருந்தால் கீழே தள்ளிய அனலையே ஃபேன் மறுபடி இழுத்து ஊதும். அப்போது எத்தனை கூலர் போட்டும் பயனில்லை. இருட்டிய பிறகு நீங்களும் டார்ச் வைத்துப் பாருங்கள். காற்று போகட்டும் என்று பின்மூடியைத் திறந்து வைத்து ஓட்டவும் வேண்டாம். இந்த வேனுக்குக் குளிர்காற்று வரும் வழி பின்பக்க ஓரங்களில் உள்ள பிளவுகள். பின்னால் திறந்தால் புகைக்குழாய் பக்கத்துச் சூடும் தூசியும்தான் உள்ளே வரும்.

வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் ஃபேன் கூண்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். எலிக்கு அது பிடித்த இடம். சிலிண்டர் மேல் கூடு கட்டியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

அப்புறம் கியர். ஃபேன் இன்ஜினின் வேகத்தைப் பொறுத்துத்தான் சுற்றும். டாப் கியரில் இழுத்தால் பாரம் அதிகம், காற்றோ குறைவு. மூன்றாவதுக்கு, தேவைப்பட்டால் இரண்டாவதுக்கு இறக்குங்கள். சத்தம் கூடும், கூடட்டும். அன்றைக்கு நான் செய்த பெரிய தவறு இதுதான்.

டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளியை, 5000 கி.மீ.க்கு ஒருமுறை, ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், 0.15 மி.மீ. வையுங்கள். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு ஒன்றில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடைவெளி இறுகிக்கொண்டே வந்தால் அலட்சியம் வேண்டாம். வால்வு முழுதாக மூடாவிட்டால் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்காது. கடைசியில் வால்வு உடைந்து பிஸ்டன் மேல் விழும். 1971-க்கு முந்தைய மாடல் என்றால் மூன்றாவது சிலிண்டரில் கூடுதல் கவனம். அதற்குப் போக வேண்டிய காற்றை, இன்ஜினோடு வரும் ஆயில் கூலர் குறுக்கே நின்று மறைக்கிறது. ஆயிலையும் இதே 5000-க்கு மாற்றிவிடுங்கள். மொத்தமே 2.5 லிட்டர்தான், அரை லிட்டர் குறைந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இப்போது கிடைக்கும் 20% எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை லீனாகி (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல்) இன்ஜின் இன்னும் சூடாகும். நான் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) ஒரு சைஸ் பெரிதாக்கினேன். பெட்ரோல் ஹோஸ்களையும் புதிதாக மாற்றினேன். பழைய ரப்பரை எத்தனால் அரித்துவிடும், சொட்டுவது சூடான இன்ஜின் மேல். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வழியில் சூடாகிவிட்டால் ஓரம்கட்டி, உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், ஃபேன் ஊதி ஆற்றும். ஆனால் சார்ஜிங் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். டைனமோவுக்கும் ஃபேனுக்கும் ஒரே பெல்ட். அது அறுந்திருந்தால் காற்றே இல்லை. டேஷ்போர்டில் எப்போதும் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் ஸ்பேனரும் வைத்திருக்கிறேன்.