பிரசவ அறையில் முதல் மாதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

(பதிலளிப்பவர்: பணி ஓய்வு பெற்ற மகப்பேறு செவிலியர்)

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பொது வார்டில் வேலை பார்த்துவந்த நான், அண்மையில் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறேன். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதில் எனக்கும் மூத்தவர்களுக்கும் அடிக்கடி வித்தியாசம் வருகிறது. இரவுப் பணியில் மருத்துவரை அழைக்கவும் தயக்கமாக இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு எழுப்பிவிட்டேன் என்று பேச்சு வாங்க நேருமோ என்று பயம். இந்த வேலை எனக்கு வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: வரும். சென்டிமீட்டர் கணக்கை வைத்து உங்கள் திறமையை எடைபோடுவதை மட்டும் முதலில் நிறுத்துங்கள். கைதேர்ந்த இருவர் ஒரே பெண்ணைப் பார்த்தாலும் 1 செ.மீ. முன்பின் வருவது சகஜம். உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஸ்கேலின்மேல் விரித்து, எவ்வளவு அகலம் எத்தனை செ.மீ. என்பதைக் கைக்குப் பழக்குங்கள். தடித்த அட்டையில் 3 முதல் 10 செ.மீ. வரை வட்டங்கள் வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிப் பழகினால் சில வாரங்களில் கை தேறிவிடும். ஆனால் பழகுவதற்காக ஒரே பெண்ணை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பது கூடாது. வேறு காரணம் இல்லாதபோது 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ரத்தப்போக்கோடு வரும் கர்ப்பிணிக்கு, நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப் பக்கம் கீழே இறங்கியிருக்கவில்லை என்று ஸ்கேனில் உறுதியாகாதவரை உள்பரிசோதனை செய்யவே கூடாது.

பிரசவ அறையில் உங்களுக்கு அதிகம் கைகொடுக்கப்போவது உள்ளங்கையும் காதும் கடிகாரமும்தான். வயிற்றின் மேற்பகுதியில் உள்ளங்கையை வைத்து முழுதாக 10 நிமிடம் உட்காருங்கள். வலி இல்லாதபோது விரலால் அழுத்தினால் அமுங்கும். வலி உச்சத்துக்கு வரும்போது அதே இடம் பலகைபோல இறுகி விரலுக்கு இடம் கொடுக்காது. அந்த 10 நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டால், சூட்டு வலிக்கு வந்திருக்கும் பெண்ணையும் உண்மையாகவே பிரசவ வலி கண்டிருக்கும் பெண்ணையும் பிரித்தறிவது எளிதாகிவிடும். 10 நிமிடத்தில் 5-க்கும் மேற்பட்ட வலிகள் வந்தால், அதுவும் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால், அதை நல்ல முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பை வலி அடங்கியவுடன் தொடங்கி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. வலிக்குப் பிறகு துடிப்பு இறங்கி மெதுவாக மீளுவதை அந்தக் கணக்கு காட்டாது. 110-க்கும் 160-க்கும் இடையில் இருந்தால் சரி. வலி நன்றாகப் பிடித்த பிறகு அரை மணிக்கு ஒரு முறையாவது கேட்க வேண்டும். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை.

கருப்பை வாய் திறப்பதை நேரத்தோடு புள்ளிகளாகக் குறித்துவரும் வரைபடமான பார்ட்டோகிராஃபைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் உங்கள் பயத்துக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. 1972-இல், ஜிம்பாப்வே ரொடீசியாவாக இருந்த காலத்தில், ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அந்த வரைபடத்தில் எச்சரிக்கைக் கோடு, நடவடிக்கைக் கோடு என்ற இரண்டையும் சேர்த்தார்கள். மருத்துவர் இல்லாத ஊர்ப்புற நிலையங்களில் பிரசவம் பார்த்த செவிலியர்கள், யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தாங்களே காலத்தோடு தீர்மானிப்பதற்காகத்தான் அது உருவானது. அதாவது, உங்களைப் போன்றவர்களுக்காக. 4 செ.மீ.-இல் தொடங்கி மணிக்கு 1 செ.மீ. வீதம் ஏறும் அந்த எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்புறம் உங்கள் புள்ளி நகர்ந்துவிட்டால், மருத்துவரை எழுப்பலாமா வேண்டாமா என்று உங்களுக்குள் வழக்காட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டி 5 செ.மீ.-இலிருந்து தொடங்குகிறது, உங்கள் வார்டில் எந்தத் தாள் இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து அழகாகக் கோடு போட்டு நிரப்பப்படும் பார்ட்டோகிராஃப் ஆய்வுக்கு வருபவர்களுக்கு உதவுமே தவிர, தாய்க்கு எந்த வகையிலும் உதவாது.

மருத்துவரை அழைக்கும்போது, “மேடம், கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா” என்று இழுத்தால் எரிச்சல்தான் பதிலாக வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மேடம், 3-ஆம் படுக்கை, தலைப்பிரசவம், 39 வாரம், 6 செ.மீ.; பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வருகிறது. வலி அடங்கிய பிறகும் குழந்தையின் துடிப்பு 100-ஐத் தாண்டவில்லை. ஆக்சிடோசினை நிறுத்தி, இடது பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறேன். நீங்கள் உடனே வர வேண்டும்.” அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பேச்சில் என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள், என்ன வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் கேஸ் ஷீட்டில் அப்போதே எழுதுங்கள். வராவிட்டால் மறுபடி அழையுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரை அழைப்பது உங்கள் கடமை, கோள் சொல்வதாகாது.

குழந்தை பிறந்தவுடன் எல்லோருடைய கண்ணும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடும். அந்த நேரத்தில் தாயின் பக்கம் நிற்பவர் நீங்களாக இருங்கள். முதல் 2 மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை தொப்புளுக்கருகே கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தொளதொளவென்றிருந்தால் தேய்த்துவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது என்பதால் அதையும் பாருங்கள். போர்வையை விலக்கி, இடுப்புக்கு அடியிலும் கையை விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் துளித்துளியாகக் கசியும் ரத்தம் துணியிலும் மெத்தையிலும் ஊறி மறைந்துவிடும். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ரத்தத்தைச் சேகரிக்கும், அளவுக் கோடுகள் போட்ட உறையை இடுப்புக்கு அடியில் விரித்து, 500 மி.லி.-யை நெருங்கும்போதே மசாஜ், ஆக்சிடோசின், ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், டிரிப், பரிசோதனை ஆகியவற்றை ஒன்றாகத் தொடங்கினால் கடும் ரத்தப்போக்கு பெருமளவு குறைகிறது என்பதை, ஆப்பிரிக்காவின் 4 நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் வார்டில் அந்த உறை இல்லையென்றால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் வலியில் கத்தும் பெண்களை மூத்தவர்கள் திட்டுகிறார்கள், சில நேரம் தொடையில் அடிப்பதும் உண்டு. “அதட்டினால்தான் ஒழுங்காக முக்குவாள்” என்கிறார்கள். புதியவளான நான் என்ன செய்வது?
– ஒரு செவிலியர், விழுப்புரம்

பதில்: அவர்கள் சொல்வது தவறு. அடிப்பது எந்த விளக்கத்துக்கும் அப்பாற்பட்ட குற்றம். பயந்த பெண்ணின் உடல் இறுகுகிறது, மூச்சு மேலே நிற்கிறது, சொல்வது காதில் விழுவதில்லை. நாலு பேர் சுற்றி நின்று “முக்கு, முக்கு” என்று கூச்சலிடுவதைவிட, ஒருவர் மட்டும் முகத்தருகே நின்று, “இப்போது வலி வருகிறது, மூச்சை இழுத்துக் கீழே அழுத்தும்மா, வலி போனதும் தளர்ந்து படுத்துக்கொள்” என்று சொல்வது பலன் தரும். கருப்பை வாய் முழுவதும் திறப்பதற்கு முன் முக்கச் சொல்வதும், வயிற்றின் மேல் கைவைத்து அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதும் கூடாது. பின்னதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது.

மூத்தவர்களை நோயாளியின் முன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள்; அந்தப் பெண்ணுக்கும் அதனால் நன்மையில்லை. “அக்கா, இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு. இடமில்லை, கூட்டம் என்று காரணம் சொல்லி அதை விட்டுவிடும் வார்டுகள் இருக்கின்றன. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நின்று இடுப்பைத் தேய்த்துவிட்டால் கத்தல் குறையும். சாட்சி ஒருவர் இருந்தால் கை ஓங்குவதும் குறையும். அதையும் மீறி அடித்தால், தேதியும் நேரமும் குறித்துச் செவிலியர் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: மருந்துகளில் எதை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும்?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டை. ஆக்சிடோசின் 10 யூனிட், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பிறந்த 1 நிமிடத்துக்குள் தசையில் போட வேண்டும். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. முதல் நாளே ட்ரேயில் எடுத்து வைத்து வெயில் காலத்தில் நாள் முழுக்கக் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும்.

இரண்டாவது, வலிப்புக்கான மக்னீசியம் சல்பேட். 2 மி.லி. ஆம்பூல் ஒன்றில் 1 கிராம். முதல் தவணை 14 கிராம்: 4 ஆம்பூலை 12 மி.லி. ஊசிநீரோடு சேர்த்து நரம்பில் (ரத்தக்குழாயான சிரையில்) மெதுவாக, மீதி 10 ஆம்பூலை இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்தாக. பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. ஒவ்வொரு தவணைக்கு முன்னும் முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.-யாவது போகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. ஆம்பூல், பூட்டிய அலமாரியில் இல்லாமல் அதே ட்ரேயிலேயே இருக்க வேண்டும்.