சிறுவர் நூலகர் மாநாடுகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில், டாலஸ் பக்கத்து ஊர் ஒன்றின் பொது நூலகத்தில் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாநாடுகளில் பேசுவது, அங்கே ஆட்களைப் பழக்கம் பிடிப்பது பற்றி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நூலகப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், பிள்ளைகளின் பள்ளி நூலகத்தில் கைகொடுக்கும் அம்மாக்கள் என்று கேட்டவர்கள் பலவிதம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஆஸ்டின், புதிதாகச் சேர்ந்த உதவியாளர்): அக்கா, ஏஎல்ஏ, ஏஎல்எஸ்சி, யால்சா, பிஎல்ஏ, டிஎல்ஏ... தலை சுற்றுகிறது. முதலில் எதற்குப் போவது?

ஏஎல்ஏ என்பது 1876-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய அமெரிக்க நூலகச் சங்கம். மற்றவற்றில் மூன்று அதன் கிளைகள். பிறந்த குழந்தை முதல் 14 வயது வரை ஏஎல்எஸ்சி, 12 முதல் 18 வரை யால்சா, பொது நூலகங்கள் மொத்தத்துக்கும் பிஎல்ஏ. (12 முதல் 14 வரை இரண்டு பேருமே சொந்தம் கொண்டாடுவார்கள். நடைமுறையில் அந்த வயதுப் பிள்ளைகளை இருவருமே தவறவிடுவதுதான் அதிகம்.) டிஎல்ஏ நம் மாநிலச் சங்கம்.

முதலில் டிஎல்ஏவுக்குப் போங்கள். ஏஎல்ஏவின் கோடை மாநாடு திருவிழாக் கூட்டம். புதிதாகப் போகிறவருக்குக் கால் வலிதான் மிஞ்சும். மாநில மாநாட்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம், ஏறக்குறைய ஒரே பட்ஜெட், ஒரே வெயில். அவர் செய்ததை நீங்களும் செய்ய முடியும். அடுத்தபடி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏஎல்எஸ்சி நடத்தும் இன்ஸ்டிடியூட் என்ற மாநாடு. அங்கே சிறுவர் சேவைக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள்.

கேள்வி (பலர் கேட்டது): எல்லா நூலகத்திலும் நடக்கிற அதே கதை நேரம்தான் நானும் நடத்துகிறேன். புதிதாக ஒன்றும் இல்லை. எதைப் பற்றிப் பேசுவது?

புதிதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நாய்க்கு வாசித்துக் காட்டும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளை, பயிற்சி பெற்ற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும். நாய் திருத்தாது, சிரிக்காது. 1999-இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிகிச்சை விலங்கு அமைப்பு தொடங்கியது இது. இன்று எந்த ஊர் நூலகத்தின் நிகழ்ச்சி நிரலிலும் பார்க்கலாம். நாயும் பிள்ளையும் சேர்ந்த படத்தைப் பார்த்து மட்டும் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. நாய்க்கு என்ன சான்று வேண்டும், காப்பீடு யார் பொறுப்பு, ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம், நாய் ஒவ்வாமை உள்ள பிள்ளை வந்தால் எந்த அறை என்று செய்தவர்கள் செய்யாதவர்களுக்கு விவரமாகச் சொல்லிக்கொடுத்ததால் வந்தது.

கேட்க வருபவருக்கு வேண்டியது அந்த மாதிரி விவரம். பொம்மைகளின் இரவுத் தங்கல் எல்லோருக்கும் தெரியும்: பிள்ளை தன் பொம்மையை நூலகத்தில் விட்டுப் போகும், இரவில் பொம்மைகள் செய்த குறும்பை நாம் படமெடுத்து மறுநாள் காட்டுவோம். இதையே அமர்வாகப் போடலாம். பெயர்ச் சீட்டை எங்கே கட்டினீர்கள், ஒரே மாதிரி இரண்டு கரடி வந்தபோது என்ன செய்தீர்கள், பொம்மையைப் பிரிய மாட்டேன் என்று அழுத பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள், படமெடுக்க எத்தனை ஊழியர், எவ்வளவு நேரம், மொத்தச் செலவு என்ன. இதைச் சொன்னால் பேனாவை மூட மாட்டார்கள்.

தலைப்பைக் குறுக்குங்கள். 'சிறு குழந்தைகளுக்கான கதை நேரம்' என்றால் பேச்சுகளைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக் கமிட்டி தள்ளிவிடும். '6 மாதக் குழந்தையும் 5 வயது அண்ணனும் ஒரே அறையில்' என்றால் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அது எல்லோருக்கும் வாரா வாரம் நடக்கிற சங்கடம்.

தமிழர்களான நமக்கென்று ஒரு தலைப்பும் இருக்கிறது. ஏஎல்எஸ்சியும் பிஎல்ஏவும் சேர்ந்து 2004-இல் கொண்டுவந்து 2011-இல் திருத்திய பெற்றோர் வழிகாட்டுத் திட்டத்தில் ஐந்து பழக்கங்கள்: பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல், விளையாடுதல். இவற்றை ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. வீட்டில் சரளமாக வரும் மொழியில் செய்யச் சொல்கிறார்கள். தமிழில் கதை நேரம் நடத்துபவர்கள், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஊழியர் இதை எப்படி ஏற்பாடு செய்யலாம் என்று பேசுங்கள். உங்கள் ஊரில் தெலுங்கு, வியட்நாம், ஸ்பானிஷ் குடும்பங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் நூலகர்கள் அந்த அறைக்கு வருவார்கள்.

கேள்வி: மாநாட்டில் பேச அனுப்பும் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

நீங்கள் எதைப் பேசப்போகிறீர்கள் என்பதைவிட, வருகிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார் என்று எழுதுங்கள். 'கோடை வாசிப்பின் முக்கியத்துவம் விவாதிக்கப்படும்' என்பதில் ஒன்றுமில்லை. 'ஒற்றை ஊழியர் நடத்தக்கூடிய ஆறு வார அட்டவணை ஒன்று கையில் இருக்கும்' என்றால் விஷயம் இருக்கிறது. இன்னொன்று, டிஎல்ஏவின் ஏப்ரல் மாநாட்டில் பேச விண்ணப்பிக்கும் அழைப்பு முந்தின ஆண்டிலேயே வந்துவிடும். மாநாடு நெருங்கட்டும் என்று காத்திருந்தால் போச்சு.

கேள்வி (ஹூஸ்டன்): எனக்கு மேடை பயம். என் ஆங்கில உச்சரிப்பு வேறு. ஐந்து நிமிடப் பேச்சு என்றால் சமாளிக்கலாமா?

ஐந்து நிமிடம்தானே என்று ஏமாறாதீர்கள். இக்னைட் முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 15 விநாடியில் தானாக நகரும். பெச்சா குச்சா என்ற இன்னொரு முறையில் 20 ஸ்லைடு, தலா 20 விநாடி. ஒரு வாக்கியம் தடுக்கினால் ஸ்லைடு உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். பழகினவர்களுக்கே வியர்க்கும்.

முதல் தடவைக்கு போஸ்டர்தான் நல்லது. நடத்திய நிகழ்ச்சியைப் பெரிய தாளில் எழுதி மாட்டிவிட்டு அதன் பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள், ஒருவர் இருவராக வந்து கேட்பார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி முடிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான பேச்சு பாதி தயார். அவர்கள் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வையுங்கள், மீதிப் பாதி அதில் இருக்கிறது.

உச்சரிப்பு? வாரம் தவறாமல் டைனோசர் மாதிரி உறுமிக் காட்டுகிற மனிதர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சரிப்பையெல்லாம் கவனிக்க மாட்டார்கள். மெதுவாகப் பேசுங்கள், போதும்.

கேள்வி: தெரியாதவர்களிடம் போய்ப் பேசவே வராது எனக்கு. நெட்வொர்க்கிங் என்றாலே ஓடிவிடலாம் போல இருக்கிறது.

விசிட்டிங் கார்டு நீட்டுவதைத்தான் நினைக்கிறீர்கள். நம் தொழிலில் வேறு மாதிரி. 2013-இல் சிகாகோவில் நடந்த ஏஎல்ஏ மாநாட்டில் சில சிறுவர் நூலகர்கள் 'கெரில்லா கதை நேரம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மேடை கிடையாது. நடைவழியில் ஒரு கோப்பை, அதற்குள் குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சிக்கல்: கதை நடுவில் ஒரு பிள்ளை எழுந்து புத்தகத்துக்கு முன்னால் வந்து நின்றால்? பெற்றோர் போனிலேயே மூழ்கியிருந்தால்? குச்சியை உருவியவர் அந்த இடத்திலேயே செய்து காட்ட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் 'நான் இப்படிச் செய்வேன்' என்று குதிப்பார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து விரல் பாட்டு பாடிக்கொண்டிருப்பார்கள். அறிமுகம் அதற்கு அப்புறம்தான்.

பிறகு இது ஊர் ஊராகப் பரவியது. உங்கள் மாவட்டத்தில் நீங்களே நடத்தலாம், ஒரு கோப்பையும் குச்சியும்தான் முதலீடு.

பேச்சைத் தொடங்க நான் கேட்கும் கேள்வி: 'உங்கள் நூலகத்தில் எந்தப் படப்புத்தகம் கிழிந்து கிழிந்து திரும்பத் திரும்ப வாங்குகிறீர்கள்?' இதற்குப் பதில் சொல்லாத சிறுவர் நூலகரை இன்னும் பார்க்கவில்லை.

ரொம்பவும் கூச்சம் என்றால் ஏதாவது ஒரு கமிட்டியில் சேருங்கள். ஏஎல்எஸ்சி கமிட்டிகளில் பல இணையவழியே கூடுகின்றன. சேர்ந்து ஒரு வேலையை முடித்தவர்களிடம் பேசுவதற்கு விஷயம் தேட வேண்டியதில்லை.

கேள்வி (டாலஸ்): செலவு யார் தருவார்கள்? எங்கள் டைரக்டர் கையை விரித்துவிட்டார்.

இதுதான் உண்மையான கேள்வி. நீங்களே பேசினாலும் பெரும்பாலும் பதிவுக் கட்டணம் உங்களுடையதுதான். நூலகர் நூலகருக்குப் பேசப் பணம் தருகிற வழக்கம் குறைவு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சம்பளம் குறைவான பகுதி நேரக்காரர்களுக்குக் கதவு இதனாலேயே அடைபடுகிறது. மழலைகளோடு அதிக நேரம் இருப்பவர்களோ அவர்கள்தான்.

என்ன செய்யலாம்? உங்கள் நூலகத்துக்கு நிதி திரட்டித் தரும் தன்னார்வலர்களான நூலக நண்பர்கள் குழுவைக் கேளுங்கள். பழைய புத்தக விற்பனைப் பணம் அவர்களிடம்தான் இருக்கும். டைரக்டரிடம் 'மாநாட்டுக்குப் போக வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'இந்த அமர்வைக் கேட்டு வந்து, ஊழியர் கூட்டத்தில் அரை மணி நேரம் சொல்லித் தருகிறேன், கோடைத் திட்டத்தில் இதை மாற்றுகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். முழுக் கட்டணம் முடியாவிட்டால் ஒரு நாள் டிக்கெட், அதுவும் இல்லையென்றால் கண்காட்சி அரங்குக்கு மட்டும். அரங்கில் பதிப்பகத்தார், இன்னும் வெளியாகாத புத்தகங்களின் முன்பிரதிகளை அள்ளிக் கொடுப்பார்கள். விமானத்தில் பெட்டிக்கு 50 பவுண்டு எடைதான் வரம்பு என்பதை மறந்துவிடாதீர்கள்.

எதுவுமே முடியவில்லையா? டெக்சாஸ் மாநில நூலகம் இலவசமாக நடத்தும் இணையவழி வகுப்புகள் இருக்கின்றன. நல்ல தரம்.

கேள்வி (பிளேனோ, பள்ளி நூலகத் தன்னார்வலர்): பள்ளி நூலகர்களும் பொது நூலகர்களும் ஒன்றாகப் பேசுவார்களா?

டிஎல்ஏவில் பேசுவார்கள், இரண்டு தரப்பும் அங்கே உண்டு. டெக்சாஸ் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ப்ளூபானெட் புத்தக விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள், 20 புத்தகங்கள் கொண்ட பட்டியலில் குறைந்தது 5 வாசித்தால் ஓட்டுப் போடலாம். பள்ளியில் பட்டியலைக் கொடுத்ததும் பிள்ளைகள் எங்கள் கவுண்ட்டருக்குத்தான் ஓடி வருவார்கள். எத்தனை பிரதி வாங்குவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு இடத்திலும் காத்திருப்போர் வரிசைதான்.

கேள்வி: ஸ்லைடில் எங்கள் கதை நேரப் பிள்ளைகளின் படம் போடலாமா? புத்தகப் பக்கங்கள்?

பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் முகம் வேண்டாம். கைகள், முதுகு, அவர்கள் செய்த கைவேலை போதும். பெயர்ச் சீட்டு தெரிகிற படம் அறவே கூடாது. புத்தகத்தின் உள்பக்கங்களை ஸ்கேன் செய்து போடுவதற்கு முன் பதிப்பகத்தைக் கேளுங்கள். புத்தகத்தையே கையில் தூக்கிக் காட்டினால் இன்னும் நல்லது. வேறு நூலகத்திலிருந்து எடுத்த யோசனை என்றால் அதன் பெயரைச் சொல்லுங்கள். நம் தொழிலில் எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை, சொல்லாமல் எடுத்தால்தான் முகம் சுளிப்பார்கள்.

கேள்வி (சென்னை, நூலக அறிவியல் மாணவி): மேடம், தமிழ்நாட்டில் இப்படி எதுவும் இல்லையே?

சங்கம் என்ற பழக்கம் நமக்குப் புதிதல்ல. சென்னை நூலகச் சங்கம் 1928-இலேயே தொடங்கியது, அதன் பின்னால் இருந்தவர், இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். சிறுவர் சேவைக்கென்று தனியாகக் கூடுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், இடம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பெரிய சிறுவர் பிரிவுகள் உண்டு. உங்கள் வகுப்புத் தோழிகளோடு போய், அங்கே கூட ஒரு அரைநாள் இடம் கேட்டுப் பாருங்கள். வருகிற ஒவ்வொருவரும் தான் நடத்திய ஒரு நிகழ்ச்சியையும் ஆளே வராத ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். இரண்டாவதில்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

கேள்வி: டீன் ஏஜ் பிள்ளைகளை மாநாட்டு மேடை ஏற்றலாமா?

தாராளமாக. ஆனால் அவர்களுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹேண்ட்அவுட் அச்சடித்து எடுத்துப் போக வேண்டுமா?

ஒரே பக்கம், இரண்டு புறமும். முன்புறம் வாங்க வேண்டிய பொருள்களும் விலையும், பின்புறம் நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி ஓட்டம். மூலையில் கியூஆர் குறியீடு வையுங்கள், மாற்றி எழுதிக்கொள்ளும்படியான கோப்புக்குப் போகட்டும். பிடிஎஃப் வேண்டாம், தன் நூலகத்தின் பெயரை அதில் போட முடியாமல் எல்லோரும் உங்களுக்கே மெயில் அனுப்புவார்கள்.