வெம்பன்யாமாவா, செட் ஹோம்கிரனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்ததில் கூடைப்பந்துக் கேள்விகள்தான் அதிகம். அதிலும் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்த இரண்டு பேரிடமே வந்து நிற்பதால், பக்கத்தை முழுசாக அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். கிரிக்கெட்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

விக்டர் வெம்பன்யாமா, செட் ஹோம்கிரன், இரண்டு பேரில் யார் பெரிய ஆள்? மழுப்பாமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.
(கல்லூரி மாணவர், திருச்சி)

வெம்பன்யாமா. போதுமா?

காரணம் கேட்பீர்கள், சொல்கிறேன். 2023-24 இருவருக்குமே அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் முதல் சீசன். ஓர் ஆட்டத்துக்கு இருவரும் ஏறக்குறைய ஒரே நேரம்தான், முப்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, களத்தில் இருந்தார்கள். அந்த நேரத்துக்குள் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக வெம்பன்யாமா சராசரியாக எடுத்தது 21.4 பாயின்ட், 10.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3.6 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்காக செட் எடுத்தது 16.5 பாயின்ட், 7.9 ரீபவுண்ட், 2.3 பிளாக். இது ஒன்றும் சாதாரணக் கணக்கு இல்லை, இன்னொரு வருடமாக இருந்திருந்தால் சிறந்த ரூக்கி (புதுமுகம்) விருதை அவருக்கே கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த வருடம் ஓட்டுப் போட்ட 99 பேரும் முதல் இடத்தில் வெம்பன்யாமா பெயரைத்தான் எழுதினார்கள். லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் என்று ஆண்டுதோறும் தேர்வு செய்வார்களே, அதில் முதல் அணியில் இடம்பிடித்த முதல் ரூக்கியும் அவர்தான். அதே ஸ்பர்ஸின் பழைய நட்சத்திரம் டிம் டங்கனுக்குக்கூட ரூக்கி வருடத்தில் இரண்டாம் அணிதான் கிடைத்தது.

கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது. எதிரணி கார்டு (பந்தைத் தட்டிக் கொண்டுவருபவர்) ஒருவர் தன்னை மறித்தவரைத் தாண்டிவிட்டு, நேராகக் கூடையை நோக்கிப் பாய்ந்து வருவார். பாதி வழியில் தலையைத் தூக்கிப் பார்த்தால் வெம்பன்யாமா நிற்பார், கை விரித்தால் எட்டு அடி. வந்தவர் அப்படியே ஒரு அரை வட்டம் போட்டு, பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே போய்விடுவார். ஷாட்டே போடவில்லை, அதனால் பிளாக் என்றும் எழுத மாட்டார்கள். ஒரு ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்று அடுத்த தடவை எண்ணிப் பாருங்கள்.

செட் 2022 டிராஃப்ட், வெம்பன்யாமா 2023 டிராஃப்ட். அப்புறம் எப்படி இருவரும் ஒரே வருடத்து ரூக்கி? ஏதோ கள்ளாட்டம் மாதிரி இருக்கிறதே?
(வாசகர், சேலம்)

கள்ளாட்டம் எல்லாம் இல்லை. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர் ரூக்கி, அவ்வளவுதான் விதி. டிராஃப்ட் என்பது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. 2022 டிராஃப்டில் ஆர்லாண்டோ அணி முதலில் பாவ்லோ பாங்கேரோவை எடுத்தது, இரண்டாவதாக தண்டர் செட்டை எடுத்தது. அந்த ஆகஸ்டிலேயே சியாட்டிலில் ஒரு கோடைக்காலக் காட்சி ஆட்டம். லெப்ரான் ஜேம்ஸ் வேகமாகப் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார், தடுக்கப் பின்னோக்கி ஓடிய செட்டின் வலது கால் தப்பாக ஊன்றிவிட்டது. பாத எலும்புகளைப் பிணைக்கும் இடத்தில் காயம், ஒரு சீசன் முழுக்கப் போச்சு. (அரங்கத்தின் தரை ஈரமாகிக்கொண்டே இருந்ததால் அந்த ஆட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள் என்பது தனிக்கதை.) பாங்கேரோ அந்த வருடத்து ரூக்கி விருதை வாங்கிக்கொண்டார். செட் ஒரு வருடம் காத்திருந்து வந்து பார்த்தால் எதிரில் வெம்பன்யாமா.

பிளேக் கிரிஃபின், பென் சிம்மன்ஸ் இருவரும் இதேபோல் முதல் வருடத்தைக் காயத்தில் தொலைத்துவிட்டு அடுத்த வருடம் வந்து ரூக்கி விருது வாங்கினவர்கள்தான். செட்டின் நேரம் சரியில்லை.

என்னதான் சொன்னாலும் 2025 என்.பி.ஏ. கோப்பை இருப்பது செட்டிடம். முதல் இரண்டு சீசனில் ஸ்பர்ஸ் பிளே-ஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. ஜெயிக்க வைக்காத ஆள் எப்படிப் பெரிய ஆள்?
(தண்டர் ரசிகர், சென்னை)

வந்த கேள்விகளில் உருப்படியானது இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். உங்கள் கட்சிக்கு நீங்கள் எழுதியதைவிட நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

செட் காயத்தில் உட்கார்ந்திருந்த 2022-23 இல் தண்டர் ஜெயித்தது 40 ஆட்டம். செட் 82 ஆட்டமும் ஆடிய அடுத்த சீசனில் 57, மேற்குப் பிரிவில் முதலிடம். ஸ்பர்ஸ் கதை என்ன? வெம்பன்யாமா வருவதற்கு முந்தைய சீசனில் 22 வெற்றி, 60 தோல்வி. வந்த பிறகும் அதே 22, அதே 60. ஒரு புள்ளிகூட அசையவில்லை. இதை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் வாக்குவாதத்துக்கு வந்தால், வந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் ஏன் அப்படி ஆனது என்று பார்க்க வேண்டும். தண்டரில் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் ஏற்கெனவே இருந்தார், உள்ளே புகுந்து புகுந்து பாயின்ட் எடுக்கிற ஆள். அவருக்கு வேண்டியது இடம். சென்டர் (கூடையைக் காக்கும் நெட்டையர், செட்டின் இடம்) என்றால் வழக்கமாகக் கூடைக்கடியில்தான் நிற்பார், அவரைக் காவல் காக்கிற எதிரணி நெட்டையரும் அங்கேயே நிற்பார், ஷாய் உள்ளே நுழைந்தால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். செட் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறார், முதல் சீசனில் அங்கிருந்து 37 சதவீதம் போட்டார். விட்டால் போட்டுவிடுவார் என்பதால் எதிரணி நெட்டையரும் வெளியே வந்தாக வேண்டும். ஷாய்க்கு உள்ளே மைதானமே காலி. தடுப்பாட்டத்துக்குத் திரும்பினால் அதே செட் கூடையைக் காவல் காக்கிறார். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்வது லீகிலேயே அபூர்வம். தண்டருக்கு இல்லாதது சரியாக அதுதான், அதனால்தான் ஒரே வருடத்தில் 17 வெற்றி கூடுதல்.

ஸ்பர்ஸ் என்ன செய்தார்கள்? அப்போது கோச்சாக இருந்த கிரெக் பாப்பொவிச் பெரிய ஆள், மறுக்கவில்லை, ஆனால் அந்த சீசன் தொடக்கத்தில் ஃபார்வர்டான ஜெரமி சோஹானைப் பாயின்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக) ஆடவிட்டுப் பரீட்சை பார்த்தார். வெம்பன்யாமாவுக்கு உயரத்தில் பந்தைப் போட வேண்டிய ஆளுக்கே பந்தை எடுத்துக்கொண்டு வருவது அப்போதுதான் பழக்கமாகிறது. வெம்பன்யாமாவைச் சென்டராகவும் விடவில்லை, ஸாக் காலின்ஸுக்குப் பக்கத்தில் ஃபார்வர்டாக நிறுத்தினார்கள். நடுவில் தொடர்ந்து 18 தோல்வி, அந்த அணியின் வரலாற்றிலேயே இல்லாத நீளம். டிசம்பரில் அவரைச் சென்டராக மாற்றினார்கள், அப்புறம் டிரே ஜோன்ஸ் என்கிற நிஜமான பாயின்ட் கார்டைத் தொடக்க ஐவரில் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாம் பார்த்த வெம்பன்யாமா வெளியே வந்தார். பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு எதிராக 27 பாயின்ட், 10 ரீபவுண்ட், 8 அசிஸ்ட் (கூட்டாளி பாயின்ட் எடுக்கக் கொடுத்த பாஸ்), 5 ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து), 5 பிளாக். ஐந்து வகைக் கணக்கிலும் ஐந்துக்குக் குறையாமல் எடுப்பது லீகில் பல வருடங்களுக்கு ஒருமுறை நடக்கிற விஷயம். அந்த ஆட்டத்திலும் ஸ்பர்ஸ் தோற்றது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செட்டிடம் ஓர் அணி கேட்பது குறிப்பிட்ட சில வேலை, அதைத் தப்பில்லாமல் செய்கிறார். வெம்பன்யாமாவிடம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். இரண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டால் தண்டர் இன்னும் பலமாகும், ஸ்பர்ஸ் அந்த 22 வெற்றிகூட எடுத்திருக்காது என்பது என் கணிப்பு. சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக எழுதலாம்.

இதனால் செட்டின் கோப்பை ஓசியில் வந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜூன் 22, இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். தண்டர் 103-91 என்று ஜெயித்தது. செட் 18 பாயின்ட், 8 ரீபவுண்ட், 5 பிளாக். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் ஒன்றில் ஒருவர் 5 பிளாக் எடுப்பது, பிளாக்குகளைக் கணக்கில் எழுத ஆரம்பித்ததிலிருந்து அதுவே முதல் தடவை.

நேருக்கு நேர் மோதியதில் யார் கை ஓங்கியிருக்கிறது?
(வாசகி, யாழ்ப்பாணம்)

மாறி மாறி. என்.பி.ஏ.வுக்கு முன்பே 2021 இல் லாத்வியாவின் ரீகா நகரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோதிவிட்டார்கள். அமெரிக்கா 83, பிரான்ஸ் 81. வெம்பன்யாமாவுக்கு அப்போது 17 வயது, 22 பாயின்டும் 8 பிளாக்கும் எடுத்துவிட்டு, ஃபவுல் நிறைந்து கடைசியில் வெளியே போக வேண்டியதாயிற்று. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது செட்டுக்கு. என்.பி.ஏ.வில் 2023 நவம்பரில் முதல் மோதல், தண்டர் 123-87, வெம்பன்யாமா எடுத்தது வெறும் 8 பாயின்ட். 2024 பிப்ரவரி 29 அன்று ஸ்பர்ஸ் 132-118, இந்த முறை வெம்பன்யாமா 28 பாயின்ட், 13 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், 5 பிளாக். கடைசி நிமிடங்களில் செட்டின் தலைக்கு மேலேயே ஒரு மூன்று பாயின்ட், செட்டின் ஷாட்டுக்கே ஒரு பிளாக். பழைய பாக்கி இருந்த மாதிரிதான் ஆடினார்.

இரண்டு பேரும் ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கிறார்கள். இந்த உடம்பு பத்து வருடம் தாங்குமா?
(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் கவலை செட் விஷயத்தில் நியாயமானதுதான். கால் காயத்துக்குப் பிறகு 2024 நவம்பரில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக ஒரு ஷாட்டைத் தடுக்க எகிறி, இடுப்பில் விழுந்து எலும்பு முறிவு. அந்த சீசனில் ஆடியது 32 ஆட்டம்தான். இப்போது தண்டர் ஐசையா ஹார்டன்ஸ்டைன் என்கிற கனமான சென்டரை வைத்திருக்கிறார்கள், இடிபடுகிற வேலையில் பாதி அவருக்குப் போகிறது. செட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

வெம்பன்யாமா கதை வேறு. 2025 பிப்ரவரியில் அவரை நிறுத்தியது வலது தோளில் ஏற்பட்ட ரத்தக்கட்டு. 46 ஆட்டத்தோடு அந்த சீசன் முடிந்தது. இதையும் ஒல்லி உடம்போடு சேர்த்துப் பேசுகிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. பயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், முன்னாள் என்.பி.ஏ. நட்சத்திரம் கிறிஸ் பாஷின் ஆட்ட வாழ்க்கையையே ரத்தக்கட்டுதான் முடித்து வைத்தது. ஆனால் அந்த ஜூலையில் வெம்பன்யாமாவுக்கு டாக்டர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் சீனாவுக்குப் போய் ஷாவோலின் மடத்தில் மொட்டை அடித்துக்கொண்டு பயிற்சி வேறு எடுத்துவிட்டு வந்திருந்தார்.

செட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு சுமார் 25 கோடி டாலராமே, அதிகம் இல்லையா?
(வாசகர், மதுரை)

இல்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் கொடுக்க வரிசையில் பல அணிகள் நின்றிருக்கும்.

என் மகன் பள்ளி அணியில் சென்டர். யாருடைய வீடியோவைப் பார்க்கச் சொல்லட்டும்?
(ஒரு தாய், கோவை)

செட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வெம்பன்யாமா செய்வதில் பாதி அந்த எட்டு அடிக் கைக்குத்தான் முடியும். தாமதமாகக் கிளம்பியும் பந்தை எட்டிவிடுவார், உங்கள் பையன் அதைச் செய்தால் ஃபவுல்தான். செட்டிடம் பார்க்க வேண்டியது காலை. ஷாட் போடுபவர் மேல் பாய மாட்டார், இருந்த இடத்திலேயே நேராக மேலே எழும்புவார், இரண்டு கையும் செங்குத்தாக இருக்கும். அப்போது எதிராளி வந்து மோதினாலும் ஃபவுல் தடுப்பவர் மேல் வராது, விதியே அப்படித்தான். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் பிளாக் மட்டும்தான் காட்டுவார்கள். அந்த ஏழாவது ஆட்டத்தை முழுசாகப் போட்டு, பந்து எங்கே போனாலும் செட்டின் காலை மட்டும் ஒரு குவார்ட்டர் (ஆட்டத்தில் நாலில் ஒரு பங்கு) பார்க்கச் சொல்லுங்கள்.